சிறு விமானத்தில் ஊர் விட்டு ஊர்

ஆகாய விமானப் பயணம் என்றதும் இன்று நம் மனக்கண் முன் வந்து நிற்பது பெரிய விமானந்தான். நூற்றைம்பது பேரோ முந்நூறு பேரோ வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மேகங்களுக்கு மேலே, மலைகளுக்கு எட்டாத உயரத்தில் அது பறக்கும். எந்த ஆற்றைக் கடந்தோம், எந்த ஊரைத் தாண்டினோம் என்பது பயணிகளில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு முற்றிலும் வேறான மற்றொரு வகைப் பறத்தலும் உண்டு. ஒரே ஓர் எஞ்சின். இரண்டு அல்லது நான்கு ஆசனங்கள். பெட்ரோலும் ஆட்களும் இல்லாதபோது ஒரு சிறு மோட்டார் காரின் எடைகூட இராத விமானம். அதில் ஒருவர் ஓர் ஊரில் ஏறி, முந்நூறு நானூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்னோர் ஊரில் இறங்குகிறார். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். தரையிலிருந்து ஓராயிரம், ஈராயிரம் மீட்டர் உயரத்தில்தான் பறக்கிறார் என்பதால் ஆறு, ஏரி, ரயில் பாதை, கோயில் கோபுரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்படிப் பறப்பவர் வழி தவறாமல் ஊர் போய்ச் சேருவது எப்படி? அதில் மறைந்திருக்கும் ஆபத்துக்கள் எவை? அவற்றுக்கு விஞ்ஞானம் சொல்லும் பரிகாரம் என்ன? இவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

நம் நாட்டில் இத்தகைய பறத்தலின் வரலாறு சுவையானது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாத காலத்துக்குள் தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தப் பரிசை நாடிப் பறந்தவர்களில் ஜே. ஆர். டி. டாட்டாவும் ஆஸ்பி எஞ்சினியரும் இருந்தனர். டாட்டா 1929 பிப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர். ஆஸ்பி எஞ்சினியரோ பதினேழே வயது நிரம்பிய கராச்சி இளைஞர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். இருவரும் ஓட்டியது ஜிப்ஸி மாத் என்னும் விமானம். மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். மேலே கூரையில்லாத இருக்கை. மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வேகம்.

எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள அபூகிர் என்னும் இடத்தில் இருவரும் சந்தித்தனர். எஞ்சினியர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் அங்கே தங்க நேர்ந்திருந்தது. டாட்டா தம்மிடம் மிகுதியாக இருந்த பிளக்குகளை அவருக்குக் கொடுத்தார். எஞ்சினியர் பறந்து போய்ப் பரிசை வென்றார். டாட்டா சில மணி நேர வித்தியாசத்தில் தோற்றார். பின்னாளில் ஆஸ்பி எஞ்சினியர் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தளபதியாக விளங்கினார்.

போட்டியாளருக்குப் பிளக் கொடுத்த பெருந்தன்மையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிளக்குக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் அமைப்பும் அறியத்தக்கது. மோட்டார் காரின் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குப் பெரும்பாலும் ஒரு பிளக்தான். விமான எஞ்சினிலோ ஒரு சிலிண்டருக்கு இரண்டு. நான்கு சிலிண்டருக்கு எட்டு. அவற்றுக்கு மின்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி மாக்னெட்டோக்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று வேலை செய்யும். கார் நின்றுபோனால் சாலையோரம் தள்ளி நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? ஆகவேதான் இந்த இரட்டை ஏற்பாடு. இன்றைய சிறு விமானங்களிலும் புறப்படுவதற்கு முன் விமானி ஒரு மாக்னெட்டோவை நிறுத்தி மற்றதை மட்டும் ஓடவிட்டும், பிறகு மாற்றியும் சோதிப்பது கட்டாயமான சடங்கு.

இரண்டாண்டுகள் கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, டாட்டா கராச்சியின் டிரிக் ரோடு விமான நிலையத்திலிருந்து பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டார். எடுத்துச் சென்ற தபால் 25 கிலோ. அகமதாபாத்தில் இறங்கியபோது அவருக்கு வேண்டிய பெட்ரோல் டின்களில் அடைக்கப்பட்டு மாட்டு வண்டியில் வந்தது! அதை ஊற்றிக்கொண்டு பம்பாயின் ஜுஹுவில் போய் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் தபாலை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஏர் இந்தியா என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற நிறுவனத்தின் பிறப்பு அதுவே.

அக்டோபர் மாதத்தைத் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. அந்நாளில் ஜுஹு வெறும் களிமண் திடல். தென்மேற்குப் பருவ மழையில் அது நீரில் மூழ்கிவிடும். அதனால் மழைக்காலத்தில் விமானங்கள் ஜுஹுவை விட்டுப் புனாவில் இறங்கின. சிறு விமானத்தின் கால அட்டவணையை எழுதுவது மனிதன் மட்டுமல்ல, வானமுந்தான் என்பதை அன்றே கண்டார்கள்.

காற்று என்னும் ஆறு

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக அந்தப் பழைய பாதையின் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்வோம். அகமதாபாத்திலிருந்து ஜுஹு நேர்கோட்டில் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். திசை அநேகமாக நேர் தெற்கு. நம் விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் திசைகாட்டியில் தெற்கைப் பிடித்துக்கொண்டு இரண்டே முக்கால் மணி நேரம் பறந்தால் ஜுஹு வந்துவிடும் அல்லவா?

வராது. காரணம், விமானம் 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது காற்றைப் பொறுத்துத்தான், தரையைப் பொறுத்தல்ல. காற்றோ தானும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காவிரியில் பரிசல் ஓட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எதிர்க்கரையில் உள்ள படித்துறைக்குப் போகவேண்டுமானால் அவர் படித்துறையை நோக்கித் துடுப்புப் போடுவதில்லை. நீரோட்டம் இழுத்துச் செல்லும் என்று தெரிந்து, சற்று மேற்புறமாகவே பரிசலைத் திருப்பி ஓட்டுவார். விமானியும் அந்தப் பரிசல்காரரைப் போன்றவரே. வித்தியாசம் ஒன்றுதான்: ஆற்று வெள்ளம் கண்ணுக்குத் தெரியும், காற்று வெள்ளம் தெரியாது.

மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்போம். இது புயலன்று, சாதாரணக் காற்றுத்தான். அதைக் கவனியாமல் ஒருவர் நேர் தெற்காகவே இரண்டே முக்கால் மணி நேரம் பறந்தால், அந்நேரத்தில் காற்று அவரைக் கிழக்கே 82 கிலோமீட்டர் தள்ளிவிடும். அவர் அடைந்திருக்கும் இடம் எது? ஜுஹு கடற்கரையன்று, பீமாசங்கர் கோயில் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி! தெளிவான வானமாக இருந்தால் "இது என்ன, கடலைக் காணோமே" என்று வியப்பதோடு போகும். மேகம் தாழ்ந்து மலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாளாயின் வியப்பதற்கும் நேரம் இராது.

இதற்குப் பரிகாரம் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த முக்கோணமே. விமானத்தின் வேகம் ஒரு பக்கம், காற்றின் வேகம் ஒரு பக்கம், இரண்டின் கூட்டுப்பயனான தரைவேகம் மூன்றாம் பக்கம். மூக்கை மேற்கு நோக்கி எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு, 30ஐ 160ஆல் வகுத்து அதன் சைனுக்குரிய கோணத்தைப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ 11 பாகை வரும். தெற்கு என்பது 180 பாகை. ஆகவே 191 பாகையில் மூக்கை வைத்துப் பறந்தால் விமானம் தரையின்மேல் நேர் தெற்காக நகரும். தரைவேகம் 157 கிலோமீட்டராகக் குறையும். பயண நேரம் 2 மணி 48 நிமிடம். மூன்று நிமிடம் அதிகம், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்தை ஏற்றுக்கொள்பவருக்கு ஊர் கிடைக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போகும்போது எதிர்க்காற்று இருந்தால் வரும்போது அது பின்காற்றாகி இழந்த நேரத்தை ஈடுசெய்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். 300 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 150 கிலோமீட்டர் வேக விமானத்தில் போய்வரக் காற்றில்லாத நாளில் 4 மணி நேரம் ஆகும். 50 கிலோமீட்டர் காற்று வீசும் நாளில் போவதற்கு 3 மணி, வருவதற்கு ஒன்றரை மணி. ஆக நாலரை மணி. காற்று கடன் வாங்கியதை ஒருபோதும் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் அதிக நேரமும் பின்காற்றில் குறைந்த நேரமும் செலவிடுகிறோம் என்பதே காரணம்.

அறுபதுக்கு ஒன்று

வானிலை அறிக்கை சொன்ன காற்றும் உண்மையில் வீசும் காற்றும் ஒன்றாயிருக்கும் என்பது நிச்சயமில்லை. ஆகவே புறப்பட்டபின் வழியிலேயே பிழையைக் கண்டு திருத்த வேண்டும். அதற்கு விமானிகள் கையாளும் எளிய மனக்கணக்கு ஒன்று உண்டு: 60 கிலோமீட்டர் பறந்தபின் பாதையை விட்டு 1 கிலோமீட்டர் விலகியிருந்தால் கோணப் பிழை 1 பாகை. இது எப்படி வந்தது? 60 அலகு ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 377 அலகு. அதை 360 பாகைக்குப் பங்கிட்டால் பாகைக்கு ஓர் அலகுக்குச் சற்றே மேல் வருகிறது. மனக்கணக்குக்கு அது போதும்.

நம் விமானி 120 கிலோமீட்டர் பறந்தபின் கீழே பார்த்து, தாம் பாதைக்குக் கிழக்கே 8 கிலோமீட்டர் தள்ளியிருப்பதைக் காண்கிறார். பிழை 4 பாகை. மீதியுள்ள 320 கிலோமீட்டருக்குள் அந்த 8 கிலோமீட்டரை மீட்க மேலும் ஒன்றரைப் பாகை. ஆகமொத்தம் ஐந்தரைப் பாகை மேற்கே திருப்பினால் நேராக ஜுஹுவை அடையலாம். கணித அட்டவணை வேண்டாம், கருவியும் வேண்டாம்.

ஆனால் 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறோம் என்பதை அறிய, கீழே இருப்பது இன்ன இடம் என்று தெரிந்திருக்க வேண்டுமே! இந்தப் பாதை அவ்வகையில் விமானிக்கு இரக்கம் காட்டும் பாதை. மஹி, நருமதை, தபதி என்ற மூன்று பெரிய ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்று காம்பே வளைகுடாவில் விழுகின்றன. மேற்கே கடற்கரை வேலி கட்டியது போல் நிற்கிறது. கிழக்கே அகமதாபாத் – பம்பாய் ரயில் பாதை கூடவே வருகிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ரயிலில் இரண்டு இரவு கழிக்கும் நம் போன்றோருக்குத் தண்டவாளம் சலிப்புத் தரலாம். சிறு விமானிக்கோ அதைப் போல் நம்பத்தக்க வழிகாட்டி வேறில்லை. ஊரை அடையாளம் காண்பது கடினம். மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான். ஆனால் ஆறும் ரயில் பாலமும் சந்திக்கும் இடத்தை வேறோர் இடத்தோடு குழப்பிக்கொள்ள முடியாது. தேர்ந்த விமானி முதலில் தேசப்படத்தைப் பார்த்து, இன்ன நிமிடத்தில் இன்ன அடையாளம் வரவேண்டும் என்று குறித்துக்கொண்டு, பிறகே தரையைப் பார்ப்பார். தரையை முதலில் பார்த்துவிட்டுப் படத்தில் தேடுபவருக்கு, வேண்டிய ஊரெல்லாம் கண்ணில் படுவதுபோல் தோன்றும்.

கடிகாரமும் பெட்ரோலும்

சிறு விமானியின் கருவிகளுள் மிகவும் முக்கியமானது எது என்று கேட்டால், கடிகாரம் என்றே சொல்லவேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி நம் விமானி 215 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தபதியை 82 நிமிடத்தில் கடக்க வேண்டும். அவருடைய தொட்டியில் 100 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் மணிக்கு 30 லிட்டர் குடிக்கிறது. ஆகவே 200 நிமிடம் பறக்கலாம். பயணம் 168 நிமிடம்; கையிருப்பு 32 நிமிடம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் தபதி 82ஆவது நிமிடத்தில் வரவில்லை. 95ஆவது நிமிடத்தில் வருகிறது என்று கொள்வோம். பதின்மூன்று நிமிடந்தானே என்று தோன்றும். அதன் பொருள் என்ன? தரைவேகம் 157 அல்ல, 136தான். எதிர்பாராத எதிர்க்காற்று அடிக்கிறது. மீதி 225 கிலோமீட்டருக்கு இன்னும் 99 நிமிடம் ஆகும். மொத்தம் 194 நிமிடம். ஜுஹுவுக்கு மேலே வந்து சேரும்போது தொட்டியில் மிஞ்சியிருப்பது ஆறு நிமிடப் பெட்ரோல்! ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றாலோ, ஒரு சுற்றுச் சுற்றி இறங்க நேர்ந்தாலோ அதுவும் தீர்ந்துவிடும்.

இவ்விடத்தில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது; வானம் தெளிவாக இருக்கிறது; பெட்ரோல் முள் பாதிக்கு மேலே நிற்கிறது. எல்லாம் "போ, போ" என்றே சொல்கின்றன. கடிகாரம் மட்டுமே "நில்" என்கிறது. அந்த ஒரு குரலுக்குச் செவிசாய்த்துச் சூரத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்பவரே நல்ல விமானி. கையிருப்பாக வைத்த அரைமணிப் பெட்ரோல் பயணத்துக்கு உரியதன்று. தொடக்கூடாத வைப்புநிதி அது.

1930 மே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஆமி ஜான்சன் அம்மையாரும் நம் நாட்டின்மேல் இச்சோதனைக்கு ஆளானார். கராச்சியிலிருந்து அலகாபாத் செல்லக் கிளம்பியவர், பெட்ரோல் குறைந்துவிட்டதால் ஜான்ஸியில் இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். திட்டமிட்ட ஊரை எட்டாமல் வழியில் இறங்கிய அவரே, மே 24 அன்று டார்வின் நகரை அடைந்து, அப்பயணத்தைத் தனியாக முடித்த முதல் பெண்மணி என்னும் புகழையும் அடைந்தார்.

நிறைய பெட்ரோலை நிரப்பிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எடை தடுக்கிறது. 1956 முதல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டுள்ள செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு ஆசனங்கள். அதன் அண்மைக்கால மாதிரி ஒன்று ஏற்றிச் செல்லக்கூடிய சுமை ஏறத்தாழ 390 கிலோ. தொட்டிகளை நிரப்பினால் 200 லிட்டர் பெட்ரோல். அதன் எடையே 144 கிலோ. மீதி 246 கிலோவில் மூன்று பேரும் கொஞ்சம் சாமானுந்தான் அடங்குவர். ஆசனம் நான்கு இருக்கிறதே என்று நான்கு பேரை ஏற்றினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும்; பெட்ரோலைக் குறைத்தால் இடையில் ஓர் ஊரில் இறங்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகும் மாட்டு வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொள்வது போல் இங்கே முடியாது.

வெப்பமும் அழுத்தமும்

காற்றின் வேகத்தைப் போலவே அதன் அடர்த்தியும் விமானியின் கவலைகளுள் ஒன்று. அடர்த்தி வெப்பநிலை ஏற ஏறக் குறையும். 15 பாகை செல்சியஸில் உள்ள காற்றைவிட 40 பாகைக் காற்று 8 விழுக்காடு இலேசானது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் ஏறினாலும் ஏறத்தாழ அதே அளவு அடர்த்தி குறையும். ஆகவே அகமதாபாத்தின் மே மாத நண்பகலில் நிற்கும் விமானம், குளிர்ந்த நாளில் பெங்களூரின் உயரத்தில் நிற்பதாகவே உணர்கிறது! எஞ்சினுக்கு ஆக்ஸிஜன் குறைவு. புரொப்பெல்லர் தள்ளுவதற்குக் காற்றுக் குறைவு. இறக்கையைத் தூக்குவதற்கும் காற்றுக் குறைவு. மூன்று அடியும் ஒரே நேரத்தில் விழுவதால், எழுந்து பறப்பதற்கு நெடுந்தொலைவு ஓட வேண்டியிருக்கும். நம் நாட்டில் கோடையில் சிறு விமானங்கள் விடியற்காலையில் புறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் ஏறியபின் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று விமானத்தைக் குலுக்குவது மற்றொரு காரணம்.

உயரமானியும் உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகக் காட்டுகிறது. கடல் மட்டத்துக்கு அருகில் 8 மீட்டருக்குச் சற்று மேலே ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அழுத்தம் மிகுந்த பகுதியிலிருந்து, 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்த பகுதிக்கு ஒருவர் கருவியைத் திருத்தாமல் பறந்து வந்தால், இருப்பதைவிட 80 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதாக அது காட்டும். மோசமான வானிலை பெரும்பாலும் அழுத்தம் குறைந்த இடத்தில்தான் இருக்கும் என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். கண் மறையும் வேளையில் கருவியும் பொய் சொல்கிறது! அதனால்தான் வழியிலுள்ள நிலையங்களை வானொலியில் கேட்டு உயரமானியை அடிக்கடி திருத்திக்கொள்கிறார்கள்.

வெப்ப நாட்டில் பனிக்கட்டியால் எஞ்சின் நிற்கும் என்றால் நம்புவீர்களா? கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமாகப் பாயும்போது அதன் வெப்பநிலை குறைகிறது; பெட்ரோல் ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மண் பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவந்தான். இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை இருபது பாகைக்கும் மேல் தாழ்த்திவிடக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே 25 பாகை வெப்பம் இருக்கும்போதே தொண்டையில் பனி படிந்து வழியை அடைக்கும். இதைத் தடுக்க, புகைபோக்கியின் சூட்டில் காய்ந்த காற்றை எஞ்சினுக்குள் விடும் பிடி ஒன்று விமானியின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

மேகத்துக்குள் 178 விநாடி

எல்லா ஆபத்துக்களிலும் கொடியது ஒன்று உண்டு. கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே கற்றவர் மேகத்துக்குள் நுழைந்துவிடுவதே அது.

நம் காதுக்குள் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. அவற்றிலுள்ள நீர்மத்தின் அசைவைக் கொண்டே உடல் திரும்புவதை மூளை உணர்கிறது. ஆனால் மிக மெதுவாகத் திரும்பினால் அந்நீர்மம் அசைவதில்லை. ஒரே சீராக நீண்ட நேரம் திரும்பினாலோ, நீர்மமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கி, திரும்பும் உணர்வே நின்றுவிடுகிறது. தரையும் அடிவானமும் தெரியும்வரை கண் இப்பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கும். சுற்றிலும் வெண்மை சூழ்ந்தால் திருத்துவார் இல்லை. விமானம் ஒருபுறம் சாய்ந்து வளைந்து கீழிறங்கும். உள்ளே இருப்பவரோ நேராகப் பறப்பதாகவே நம்புவார். வேகம் ஏறுவதைக் கண்டு மூக்கைத் தூக்க முயல்வார். சாய்ந்த விமானத்தில் அது வளைவை மேலும் இறுக்கும்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954ஆம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தனர். கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரைத் தேர்ந்து, வெளியுலகம் தெரியாதபடி செய்து, உடன் ஒரு தேர்ந்த விமானியையும் அமர்த்திப் பறக்கச் செய்தனர். இருபது பேரும் விமானத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து இழந்தனர். மிக விரைவாக இழந்தவருக்கு 20 விநாடி. மிக நீண்டு தாக்குப் பிடித்தவருக்கு 480 விநாடி. சராசரி 178 விநாடி. மூன்று நிமிடங்கூட இல்லை!

ஆனால் அச்சோதனையின் பிற்பகுதியே நாம் நினைவில் கொள்ளவேண்டியது. அவர்களுக்குச் சுருக்கமான ஒரு பயிற்சி தரப்பட்டது: கருவியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக 180 பாகை திரும்பி, வந்த வழியே வெளியேறுவது. பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றன. மேகத்தைக் கடந்து முன்னேற அவர்கள் கற்கவில்லை. திரும்பி வரக் கற்றார்கள். அதுவே உயிரைக் காத்தது. சிறு விமானத்தில் ஊர் விட்டு ஊர் செல்பவர் கற்கவேண்டிய அரிய வித்தை எதுவென்றால் இதுதான். ஊரில் யாரோ காத்திருப்பார்கள். திரும்பினால் கேலி செய்வார்களோ என்றிருக்கும். பாதி வழிக்கு மேல் வந்தாயிற்றே என்றிருக்கும். அத்தனையையும் ஒதுக்கி மூக்கைத் திருப்புவதற்குக் கைவலிமை வேண்டாம், மனவலிமை வேண்டும்.

இன்றைய நிலை

இன்று செயற்கைக் கோள்களின் உதவியால் விமானி தாம் இருக்கும் இடத்தைச் சில மீட்டர்த் துல்லியத்தில் அறியலாம். காற்றின் முக்கோணத்தைச் சிறு கருவியே போட்டுவிடுகிறது. அப்படியிருந்தும் பயிற்சி விமானிகள் தேசப்படம், திசைகாட்டி, கடிகாரம் இவற்றைக் கொண்டு வழி காண இன்னும் கற்பிக்கப்படுகிறார்கள். கருவி வழிகாட்டும், பெட்ரோல் போதுமா, மேகம் தாழ்கிறதா, திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதனுடையதே.

நம் நாட்டில் சிறு விமானப் பயணத்துக்குத் தடைகளும் இல்லாமலில்லை. புறப்படுமுன் பயணத் திட்டத்தைக் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் பெறவேண்டும். இவ்வெஞ்சின்கள் குடிக்கும் தனிவகைப் பெட்ரோல் எல்லா விமான நிலையங்களிலும் கிடைப்பதில்லை. பெரிய விமானங்களுக்கு வேண்டிய மண்ணெண்ணெய் வகை எரிபொருள் இவற்றுக்கு ஆகாது. நெடுங்காலம் அப்பெட்ரோல் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டில் செய்த விமானப் பெட்ரோலை வெளியிட்டது. அது தயாராவது, நாம் மேலே கண்ட பாதைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும் வடோதராவில். 1932இல் மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்த அகமதாபாத்துக்கு அது பக்கத்து ஊர்!

அந்தப் பாதையும் மறக்கப்படவில்லை. 1982 அக்டோபர் 15 அன்று, தம் 78ஆம் வயதில், டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் மீண்டும் பறந்தார். 2021இல் அதே நாளில் ஆரோஹி பண்டிட் என்னும் இளம் பெண் விமானி கச்சிலுள்ள புஜ் நகரிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹுவுக்கு ஒரு மிகச் சிறிய விமானத்தில் தனியாகப் பறந்து சென்றார். 2019இல் அத்தகைய விமானத்தில் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்தவர் அவர்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு

அந்த முதல் தபாலின் கடைசிப் பகுதியை வாசகர்களுக்கே விட்டுவிடலாம். பெல்லாரியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 123 பாகை. அதாவது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே. விமானத்தின் வேகம் முன்போலவே 160 கிலோமீட்டர். ஐப்பசி மாதம்; வடகிழக்கிலிருந்து 30 கிலோமீட்டர் காற்று. மூக்கை எப்புறம் எத்தனை பாகை திருப்ப வேண்டும்? எத்தனை நேரத்தில் சென்னை வரும்? தாளும் அளவுகோலும் பாகைமானியும் இருந்தால் போதும். விடுதி அறையிலேயே போட்டுப் பார்க்கலாம்.

விடை: இடப்புறம், அதாவது வடக்கு நோக்கி, ஏறத்தாழ 11 பாகை. நேரம் 2 மணி 51 நிமிடம். பெட்ரோலை மட்டும் மூன்றரை மணிக்குக் குறையாமல் போட்டுக்கொள்ளுங்கள்.